ஓங்கோல் ரோட்டில் கண் இருண்டபோது

கார் எழுபதுல போய்க்கிட்டு இருக்கும்போது என் வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாமப் போச்சு. ஸ்டியரிங் அவர் கையில. எங்களுக்கு இடது பக்கம் நீளமா ஒரு டிரெய்லர் லாரி. வலது பக்கம் அரளிச்செடி வெச்ச நடுத்திட்டு. பின்னாடி ஒரு பஸ்காரன் ஹாரனை விடாம அடிக்கிறான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இதை சபையில எழுந்து நின்னு சொல்லுன்னு பாஸ்டரம்மா மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் எழுந்தேன். ஒரு வரி சொல்றதுக்குள்ள அழுதுட்டு உட்கார்ந்துட்டேன். அதனாலதான் எழுதித் தர்றேன். யாராவது வாசிங்க.

என் பேரு எஸ்தர். பெரம்பலூர் துறைமங்கலத்துல வூட்டோட ஒரு தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரரு பேரு துரைராஜ். எங்க ரெண்டு பேரு குடும்பமும் அடுத்தவங்க வயல்ல களை எடுத்தும் கதிர் அறுத்தும் பொழைச்ச குடும்பம். இவருதான் முதல்ல லாரி ஏறுனாரு. இருபத்தெட்டு வருஷம் ரெட்டிபாளையத்துல இருந்து சிமெண்டும், நம்ம பக்கத்து மக்காச்சோளமும் ஏத்திக்கிட்டு ஆந்திரா, ஒரிசா வரைக்கும் போனவரு. வேலையை விட்ட பிறகு ஒரு பழைய மாருதி எண்ணூறு வாங்குனாரு. ஏசி கிடையாது. என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி தானா இறங்கிடும், கையால தூக்கிப் பிடிச்சுக்கணும். ஆனா அவருக்கு அது தேர் மாதிரி.

நான் சபைக்கு வர்றதை அவரு ஒரு நாளும் தடுத்ததில்ல. தானும் வந்ததில்ல. "நீ எனக்கும் சேத்து வேண்டிக்க, நான் உனக்கும் சேத்து ஓட்டுறேன்"ம்பாரு.

எங்க ஒரே மக பெனிட்டா. மாப்பிள்ளை ரெட்டிபாளையத்துல சிமெண்ட் ஆலையில ஃபிட்டரா இருந்தாரு. அப்புறம் மகாராஷ்டிராவுல சந்திரபூர் பக்கம் ஒரு ஆலையில வேலை கிடைச்சுப் போயிட்டாரு. மக மாசமா இருந்தப்ப அங்கிருந்து பிரயாணம் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பிரசவம் அங்கேயே ஆச்சு. பொம்பளப் புள்ள. மூணாவது மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளையை ஆண்டவருக்குப் பிரதிஷ்டை பண்றதுன்னு முடிவு பண்ணாங்க. அது போன வருஷம், பொங்கல் முடிஞ்ச சமயம்.

இவரு அரியலூர்ல ஒரு ஆசாரிகிட்டச் சொல்லி தேக்குல தொட்டில் செஞ்சு வெச்சிருந்தாரு. "ரயில்ல பார்சல் போட்டா காலை ஒடிச்சுத்தான் குடுப்பானுங்க. காருலேயே போவோம்"னாரு.

"ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல வரும்ங்க. இந்தக் காருலயா?"

"நான் போவாத ரோடாடி அது? மூணு நாள்ல போயிடலாம்."

இங்க நான் ஒரு பாவத்தை ஒத்துக்கணும். அவருக்கு ஏதோ சரியில்லைன்னு எனக்குத் தெரியும். பத்து வருஷமா சுகர். கண்ணைக் காட்டச் சொல்லி பெரியாஸ்பத்திரியில ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தாங்க. போவல. டீ டம்ளரை மேசையில வைக்கிறேன்னு விளிம்புல வைப்பாரு, கீழ விழும். தொட்டிலை எடுத்துட்டு அரியலூர்ல இருந்து வரும்போது காரோட இடது பக்கக் கண்ணாடியைக் கரண்ட் கம்பத்துல இடிச்சு உடைச்சுட்டாரு. "ரோடு குறுகல்"னாரு. ரோடு குறுகல் இல்ல. பக்கத்துல உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா? ஆனா நான் கேக்கல. கேட்டா பயணம் நின்னுடும். பேத்தியைக் கையில வாங்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. அதனால வாயை மூடிக்கிட்டேன்.

வியாழக்கிழமை விடியக்காலையில கிளம்புனோம். மேல கேரியர்ல தொட்டிலைக் கழட்டி தார்ப்பாய் சுத்திக் கட்டியிருந்தாரு, கால் கட்டைங்க மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பின் சீட்டுல ஒரு டின் முறுக்கு, அரை மூட்டை செட்டிகுளம் சின்ன வெங்காயம். உளுந்தூர்பேட்டை, திண்டிவனம், மெட்ராஸைச் சுத்திக்கிட்டுப் போயி சாயங்காலம் நெல்லூர்ல ஒரு லாட்ஜ்ல தங்குனோம். அன்னைக்கு ஒண்ணும் ஆவல. கொஞ்சம் மெதுவாத்தான் ஓட்டுனாரு. நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே வந்தேன்.

மறுநாள் காலையில ஊசி போட்டுக்கிட்டு, நாலு இட்லி சாப்பிட்டுட்டு வண்டியை எடுத்தாரு. நெல்லூர் தாண்டி ஓங்கோல் போற ரோடு. ஒன்பதரை மணி இருக்கும். முன்னாடி போன டிரெய்லரை ஓவர்டேக் பண்ண வலது பக்கம் ஏறுனாரு. பாதி தூரம் தாண்டியிருப்போம்.

"எஸ்தரு."

அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடவே மாட்டாரு.

"வலது கண்ணுல கறுப்பா ஏதோ ஒழுவுது."

"தொடைச்சுக்குங்க."

"வெளிய இல்லடி. உள்ள."

நான் திரும்பிப் பார்த்தேன். அவரு கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. அகலமாத் தொறந்திருந்துச்சு. ஆனா ரோட்டைப் பார்க்கல. எதையுமே பார்க்கல.

"புகை மாதிரி மூடுது. ரோடு தெரியல. எனக்கு ரோடு தெரியலடி."

"அந்தக் கண்ணால பாருங்க. இடது கண்ணால பாருங்க."

"அது இல்ல. அது ஆறு மாசமாவே இல்ல."

அந்த நேரத்துல எனக்குப் பெரிய ஜெபம் எதுவும் வரல. "இயேசுவே"ன்னு ஒரு வார்த்தைதான் வந்துச்சு. அது ஜெபமா அலறலான்னு இன்னைக்கும் தெரியாது. ஆனா அதைச் சொன்னதும் என் கை போயி ஸ்டியரிங்கைப் பிடிச்சுது. நான் முடிவு பண்ணிப் பிடிக்கல. பிடிச்ச பிறகுதான் பார்த்தேன், பிடிச்சிருக்கேன்னு.

அவரு பிரேக்கை மிதிக்கப் போனாரு. "வேணாம். பின்னாடி பஸ்சு ஒட்டிக்கிட்டு வருது. ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்க"ன்னேன்.

விட்டாரு. வேகம் குறைஞ்சுது. டிரெய்லரோட சக்கரம் ஒவ்வொண்ணா என் ஜன்னலைத் தாண்டிப் போவுது. எத்தனை சக்கரம்! என் தோளு உசரத்துக்கு. கையை நீட்டுனா தொட்டுடலாம். பின்னாடி பஸ்காரன் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டுறான். அவனுக்கு என்ன தெரியும்?

டிரெய்லர் முன்னாடி போயிடுச்சு. இப்ப இடது பக்கம் ஒதுங்கணும். அங்க வேற வண்டி வருதான்னு பார்க்கணும். பார்க்கிறதுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி இல்ல. ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் வழியாத் தலையை வெளிய நீட்டித் திரும்பிப் பார்த்தேன். முடியெல்லாம் மூஞ்சியில அடிக்குது. ஒரு வெள்ளைக் காரு வேகமா வந்துக்கிட்டு இருக்கு. அது போவட்டும்னு இருந்தேன். போச்சு.

"இண்டிகேட்டர் போடுங்க."

தடவாமயே போட்டாரு. இருபத்தெட்டு வருஷக் கை.

"இடது பக்கம் திருப்புறேன். நீங்க இறுக்கிப் பிடிக்காதீங்க. என் கையோட வாங்க."

"வரேன். நீ சொல்லு. நான் வரேன்."

பஸ்சு எங்களை உரசுற மாதிரி தாண்டிப் போச்சு. ரோட்டோரத்துக்கு இறங்கப் போறப்ப எதிர்ல ராங் சைடுல ஒருத்தரு பைக்குல புல்லுக்கட்டு வெச்சுக்கிட்டு வர்றாரு. மறுபடியும் உள்ள இழுத்தேன். கார் அலைஞ்சுது. மேல தொட்டில் கட்டைங்க டமடமன்னு அடிச்சுக்குது. அவரைத் தாண்டினதும் கொஞ்ச தூரத்துல பாலத்துச் சுவரு வருது. அதுக்குள்ள நிறுத்தியாவணும்.

"இப்ப பிரேக். மெதுவா. இன்னும். இன்னும் அமுக்குங்க. நிறுத்துங்க!"

நின்னுச்சு. சவுக்குத் தோப்பு ஓரமா, மண்ணுல. பாலத்துச் சுவரு பத்தடிக்கு முன்னாடி.

அப்புறம் அவரு என்ன நினைச்சாரோ, கதவைத் தொறந்துட்டாரு. அவரு பக்கத்துக் கதவு ரோட்டுப் பக்கம். ஒரு காலை வெளிய வெச்சுட்டாரு. நான் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்ததும் ஒரு லாரி அந்தக் கதவை ஒட்டிப் போனதும் ஒரே நேரம். காத்துல கார் ஆடிப்போச்சு. அவரு என் மடியில சாய்ஞ்சாரு. நாப்பது வருஷத்துல அவரு அழுது நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

"உன்னைக் கொல்லப் பார்த்தேனேடி. சொல்லியிருக்கணும். சொன்னா நீ சாவியைப் புடுங்கிடுவியோன்னு பயந்தேன்."

எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா அவரு மேல இல்ல. டம்ளர் விழுந்ததையும் கம்பத்துல இடிச்சதையும் பார்த்துட்டு சும்மா இருந்தது நான்தானே? அதை அவருகிட்டச் சொன்னேன். "எனக்கும் தெரியும்ங்க. நானும்தான் சொல்லல."

அப்புறம் அவரைப் பின்னாடி சீட்டுக்கு மாத்தி உட்கார வெச்சேன். மகளுக்குப் போன் போட்டேன். அவ அழுதா. மாப்பிள்ளை ஷிஃப்டுல இருந்தாரு. அவங்க இருந்தது அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் தள்ளி. ரோட்டுல இறங்கிக் கையை ஆட்டுனேன். பைக்குல போன ஒரு நல்ல மனுஷன் நின்னு தெலுங்குல என்னவோ கேட்டாரு. நான் கண்ணைக் காட்டி, அவரைக் காட்டி என்னென்னவோ சொன்னேன். அவருக்குப் புரியல. தண்ணி பாட்டில் ஒண்ணு கொடுத்து, தலைக்கு மேல கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. மத்த வண்டியெல்லாம் நிக்கவே இல்ல. வெயில் ஏறுது. இவரு உள்ள படுத்துக்கணும்னு சொல்றாரு. படுக்க வெக்கலாமா கூடாதான்னுகூட எனக்குத் தெரியல.

சவுக்குத் தோப்புப் பக்கமா மண்ணுல முட்டி போட்டேன். அழகா ஜெபிக்கல. "ஆண்டவரே, நான் செஞ்சது தப்பு. அதுக்காக அவரு கண்ணை எடுத்துடாதிரும். எங்க பாஷை தெரிஞ்ச ஒருத்தரை அனுப்பும். ஒரே ஒருத்தர் போதும்"னு கேட்டேன். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மணி பத்தரை ஆச்சு. பதினொண்ணும் ஆச்சு. லாரி லாரியாப் போவுது. ஒவ்வொண்ணோட நம்பரையும் பார்க்கிறேன். எல்லாம் ஆந்திரா, ஒரிசா. என் வாய்தான் ஜெபிச்சுது. மனசுக்குள்ள, யாரும் வரப்போறதில்லன்னு ஒரு குரல் சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

அப்பத்தான் ஒரு பச்சை லாரி எங்களைத் தாண்டிப் போச்சு. பின்னாடி நம்பரைப் பார்த்தேன். டி.என். அறுபத்தொண்ணு. அரியலூர் வண்டி.

கத்துனேன். கையை ஆட்டிக்கிட்டே ஓடுனேன். லாரி நிக்காமப் போயிடுச்சு. செருப்பு அறுந்து நின்னுட்டேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த வேதனையை எழுதத் தெரியல. கேட்டதைக் கண்ணுல காட்டிட்டு எடுத்துட்டாரேன்னு ஆண்டவர் மேலேயே கோவம் வந்துச்சு.

ரொம்ப தூரம் போயி அந்த லாரியோட சிவப்பு லைட்டு எரிஞ்சுது. ஓரம் கட்டி நின்னுச்சு. லுங்கி கட்டுன ஒருத்தர் இறங்கி எங்களைப் பார்த்து நடந்து வர்றாரு. நெத்தி நிறைய விபூதி.

"என்னக்கா ஆச்சு?"

அதுவரைக்கும் நான் அழல. அந்த 'அக்கா'வைக் கேட்டதும் உடைஞ்சு போயிட்டேன்.

அவரு பேரு கலியபெருமாள். திருமானூர்க்காரரு. விஜயவாடாவுக்கு லோடு போறாரு. "உங்க வண்டியைத் தாண்டிப் போயிட்டேங்க்கா. நாப்பத்தாறு நம்பர், பெரம்பலூர் வண்டி, மேல தொட்டில் கட்டையாட்டம் தெரியுது, கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு நம்ம ஊருக்காரங்க நிக்கிறாங்களோன்னு மனசு கேக்கல"ன்னாரு.

விஷயத்தைச் சொன்னதும் அவரு முகம் மாறிடுச்சு. நேரா கார்க்குள்ள தலையை விட்டுப் பார்த்தாரு. "அண்ணே, சுகரா? படுக்காதீங்கண்ணே. தலையை நிமுத்தியே வெச்சுக்குங்க. எங்க அண்ணனுக்கு இதேதான் வந்துச்சு. தானா சரியாவும்னு படுத்தே கெடந்தான். ஆஸ்பத்திரிக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் போனான். முடியாதுன்னுட்டாங்க. நீங்க இப்பவே போவணும்."

நான் பாஷை தெரிஞ்ச ஒருத்தரைத்தான் கேட்டேன். ஆண்டவர் அந்த நோயும் தெரிஞ்ச ஒருத்தரை அனுப்பினாரு.

லாரியை ரெண்டாவது டிரைவர்கிட்டக் கொடுத்து, பின்னாடியே வரச் சொல்லிட்டு எங்க காரைக் கலியபெருமாளே ஓட்டுனாரு. குழி பார்த்து, அதிராம ஓட்டுனாரு. ஓங்கோல்ல ஒரு கண்ணாஸ்பத்திரி. டாக்டர் சொன்ன தெலுங்கையெல்லாம் அவருதான் எனக்குச் சொன்னாரு. கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, உள்ள இருக்கிற திரையை இழுத்துக்கிட்டு இருக்கு, சீக்கிரம் சென்னையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும், தாமதிச்சா இந்தக் கண்ணும் நிக்காது. நடுவுல லாரி ஓனர் போன் பண்ணிக்கிட்டே இருந்தாரு. "டயரு பஞ்சருங்க, போட்டுக்கிட்டு இருக்கோம்"னு கலியபெருமாள் சொன்னதைக் கேட்டேன். எங்களுக்காகச் சொன்ன பொய். அதை ஆண்டவர் கணக்குல வெக்க மாட்டாருன்னு நம்புறேன். மூணு மணி நேரம் எங்களோட இருந்து, தங்க இடம் பார்த்துக் கொடுத்துட்டுத்தான் போனாரு.

மறுநாள் மாப்பிள்ளை ரயில்ல வந்து சேர்ந்தாரு. அந்தக் காருலேயே எங்களைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஆபரேஷன் ஆச்சு. இடது கண்ணு இனிமே வராதுன்னு சொல்லிட்டாங்க. வலது கண்ணுக்கும் உறுதி சொல்ல மாட்டேன்னுட்டாங்க. பத்து நாள் குப்புறவே படுத்திருக்கணும். சாப்பாடும் குனிஞ்சபடியேதான். ஒரு மத்தியானம் நான் பக்கத்துல உட்கார்ந்து மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன். தலையணைக்குள்ள இருந்து அவரு குரல் வந்துச்சு.

"என்னன்னு வேண்டுற? சத்தமா வேண்டு. எனக்கும் கேக்கணும்ல."

சத்தமா வேண்டுனேன். முடிச்சதும் "ஆமென்"னாரு. அதை அவரு வாயால கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்!

கட்டு அவிழ்த்த அன்னைக்கு ஒண்ணும் தெரியல. வெறும் வெளிச்சம். மறுவாரம் நிழல் மாதிரி தெரிஞ்சுது. நான் தெம்பா இருக்கிற மாதிரி நடிச்சேன், பாத்ரூம்ல போயி அழுதேன். மூணாவது வாரம் ஒரு காலையில இட்லியை ஊட்டிக்கிட்டு இருந்தேன். அவரு என் கையைத் தள்ளிவிட்டுட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாரு.

"அது என்ன, காக்காவா? துணி காயுதா?"

"எதுங்க?"

"கம்பியில. பாரு, கழுத்தைத் திருப்புது. காக்காதான்."

காக்காதான். நான் தட்டோட தரையில உட்கார்ந்துட்டேன்.

இப்ப அவருக்கு ஒரு கண்ணு. கண்ணாடி போட்டா பெரிய எழுத்து வாசிக்கிறாரு. வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்றதுக்கு முந்தியே சாவியை என்கிட்டக் கொடுத்துட்டாரு. மூணு மாசம் கழிச்சு மக பேத்தியைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்தா. நம்ம சபையிலேயே பிரதிஷ்டை நடந்துச்சு, நீங்க எல்லாரும் இருந்தீங்க. அன்னைக்கு அவரும் உள்ள வந்து பின் வரிசையில உட்கார்ந்தாரு. அதுல இருந்து வந்துக்கிட்டுத்தான் இருக்காரு. வாரத்துல ஒரு நாள் நாலு ரோட்டுல லாரிக்காரங்க டீ குடிக்கிற இடத்துக்குப் போயி உட்கார்ந்துக்குவாரு. "சுகர் இருக்கா? கண்ணைக் காட்டுனியா? பொய் சொல்லாத, நானும் சொன்னவன்தான்"ம்பாரு. இதுவரைக்கும் ஆறேழு பேரை அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு.

கலியபெருமாள் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாரு. "ஆண்டவர்தான் உங்களை அனுப்பினாரு தம்பி"ன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "எங்க அய்யனாரு நிறுத்துனாருன்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேங்க்கா"ன்னாரு. நான் வாதாடல. இன்னொரு டம்ளர் காப்பி ஊத்துனேன். பேச்சுவாக்குல அவரு இன்னொண்ணும் சொன்னாரு. அந்த லோடு முந்தின நாள் காலையிலேயே கிளம்ப வேண்டியது. ஏத்துற ஆளுங்க வரத் தாமதமாகி சாயங்காலம்தான் கிளம்புச்சாம். "அவனுங்களைத் திட்டிக்கிட்டேதாங்க்கா வண்டியை எடுத்தேன்."

அவரு போன பிறகு அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நான் மண்ணுல முட்டி போட்டது வெள்ளிக்கிழமை காலையில. அந்த லாரி திருமானூரை விட்டுக் கிளம்புனது வியாழக்கிழமை சாயங்காலம்.

பிரியமானவங்களே, கேட்டா ரெண்டு கண்ணும் திரும்பி வந்துடும்னு நான் சொல்ல வரல. எங்களுக்கு ஒண்ணுதான் வந்துச்சு. வீட்டுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சும் சொல்லாம வெச்சிருக்கிறது ஏதாவது இருந்தா, இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் முதல்ல அதைப் பேசுங்க. அப்புறம் ரெண்டு பேருமா முட்டி போடுங்க. பயப்படாமக் கேளுங்க. நீங்க இப்பத்தான் கேக்கப் போறீங்க. அங்க வண்டி நேத்தே கிளம்பியிருக்கும்.